உடலும் உழைப்பும்: மணிக்கட்டில் தோன்றும் கலோரிக் கணக்கு

சங்கத்து அன்பர் இருவர் இப்பகுதிக்கு ஒரு வினாவை எழுதி அனுப்பியிருக்கின்றனர். இருவரும் போசரித் தொழிற்பேட்டையில் பணியாற்றுபவர்கள். ஞாயிறுதோறும் விடியற்காலையில் கசார்வாடியிலிருந்து சைக்கிளில் புறப்பட்டு, தாபோடி, கட்கி வழியாகச் சிவாஜிநகர் வரையில் சென்று திரும்புபவர்கள். ஒரு நாள், போகும் வழியாகிய ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டரை இருவரும் இணையாகவே மிதித்து 40 நிமிஷத்தில் கடந்திருக்கின்றனர். இருவர் எடையும் 65 கிலோவுக்கு அண்மையில்தான். சைக்கிள்களும் ஒரே மாதிரியானவை. இறங்கிப் பார்த்தபொழுது ஒருவர் கையிலிருந்த ஸ்மார்ட் வாட்ச் 310 கலோரி செலவாயிற்று என்றதாம். மற்றவர் கையிலிருந்தது 190 என்றதாம். “எது மெய்? முதற்கணக்கு மெய்யானால் ஒரு வடாபாவை அச்சமின்றித் தின்னலாம், இரண்டாவது மெய்யானால் பாதியை வைத்துவிட வேண்டும்” என்று நகைச்சுவையோடு முடித்திருக்கின்றனர்.

வினா விளையாட்டுப்போலத் தோன்றினும் அதனுள் இருக்கும் பொருள் விளையாட்டன்று. ஊரை விட்டு வந்து ஆலைகளிலும் அலுவலகங்களிலும் இருந்த இடத்திலேயே இருந்து பணியாற்றும் நம் குடும்பங்களில், நாற்பது வயதைத் தாண்டியவர் பலருக்கு நீரிழிவும் இரத்த அழுத்தமும் வந்து சேர்ந்துள்ளன. மருத்துவர் “உடற்பயிற்சி செய்க, உணவைக் குறைக்க” என்கிறார். பிள்ளைகள் அன்போடு ஒரு கடிகாரத்தை வாங்கித் தந்தையின் கையில் கட்டுகின்றனர். அன்று முதல் அவர் தட்டில் விழும் சோற்றின் அளவை அக்கடிகாரமே தீர்மானிக்கத் தொடங்கிவிடுகிறது. ஆகவே அவ்வெண் எங்கிருந்து பிறக்கிறது, அதனை எவ்வளவு நம்பலாம் என்பதை ஆராய்வது நம் கடமையாகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். உணவுப் பொட்டலத்திலும் கடிகாரத்திலும் ‘கலோரி’ என்று வழங்குவது உண்மையில் கிலோ கலோரி. ஒரு கிலோகிராம் தண்ணீரின் வெப்பத்தை ஒரு டிகிரி உயர்த்த வேண்டிய சூடு. இக்கட்டுரையிலும் வழக்கத்தை ஒட்டிக் கலோரி என்றே எழுதுகிறோம்.

கைக்கடிகாரத்தால் இச்சூட்டை அளக்க முடியாது. அதன் அடிப்புறத்தில் பச்சை நிறமாக ஒளிரும் சிறு விளக்குகளும், திரும்பிவரும் ஒளியை உணரும் ஒரு கண்ணும் உள்ளன. இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்பொழுதும் தோலின் கீழுள்ள நுண்குழாய்களில் இரத்தம் பெருகுகிறது. பெருகிய இரத்தம் பச்சை ஒளியை அதிகமாக உறிஞ்சுகிறது. இவ்வேற்றத் தாழ்வை எண்ணி நாடித்துடிப்பை அது அறிகிறது. மற்றோர் உறுப்பு கையின் அசைவை உணர்கிறது. ஜி.பி.எஸ். இருக்குமாயின் சென்ற தூரமும் வேகமும் தெரியும். இவற்றோடு நாம் பதிந்து வைத்த வயது, எடை, உயரம், ஆணா பெண்ணா என்ற விவரம், இவ்வளவே அதன் கைம்முதல். இவற்றை ஒரு சூத்திரத்தில் இட்டு, “இத்தகைய ஒருவர் இவ்வளவு துடிப்போடு இவ்வளவு நேரம் உழைத்தால் இவ்வளவு செலவாகியிருக்கலாம்” என்று ஊகிக்கிறது. அச்சூத்திரத்தை உற்பத்தியாளர்கள் முழுமையாக வெளியிடுவதும் இல்லை.

மனித உடல் செலவிடும் சூட்டை மெய்யாகவே அளக்க எத்தகைய முயற்சி வேண்டும் என்பதற்குப் பழைய வரலாறு ஒன்று உண்டு. அமெரிக்காவில் மிடில்டவுன் என்னும் ஊரிலுள்ள வெஸ்லியன் பல்கலைக் கழகத்தில், 1890-களில், வில்பர் அட்வாட்டர் என்ற வேதியியலாரும் எட்வர்ட் ரோசா என்ற பௌதிக அறிஞரும் ஒரு சிற்றறையை அமைத்தனர். அதற்குள் ஓர் ஆள் நாட்கணக்கில் உண்டு, உறங்கி, உழைத்து வாழ்வார். அவர் உடலிலிருந்து வெளிப்படும் வெப்பம் முழுவதும் அறைக்குள் ஓடும் தண்ணீரில் சேர்ந்து அளவாகும். அவர் விடும் மூச்சும் அளவாகும். அவ்வறைக்குள் உழைப்பை உண்டாக்க அவர்கள் தேர்ந்தெடுத்த கருவிகளுள் ஒன்று நிலையாகப் பூட்டப்பட்ட சைக்கிள் என்பது நமக்குச் சுவையான செய்தி. அட்வாட்டருக்குத் துணையாயிருந்த ஃபிரான்சிஸ் பெனடிக்ட் பின்னர்ப் பாஸ்டன் நகரில் கார்னெகி நிறுவனத்தின் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்துக்குத் தலைவரானார். எட்வர்ட் கேத்கார்ட்டுடன் சேர்ந்து அவர் 1913-இல் வெளியிட்ட நூல், மனித உடலை ஓர் இயந்திரமாகக் கொண்டு, சைக்கிள் மிதிக்கும் ஒருவன் உட்கொண்ட சக்தியில் எவ்வளவு பயனுள்ள வேலையாக வெளிவருகிறது என்பதை ஆராய்ந்தது. பெனடிக்டின் பெயரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். சென்னையிலும் அவரைச் சந்திக்க நேரும்.

இன்று ஆய்வுக்கூடங்களில் சிற்றறைக்குப் பதிலாக முகமூடி ஒன்றை மாட்டி, உள்ளே போகும் பிராணவாயுவையும் வெளிவரும் கரியமில வாயுவையும் அளக்கின்றனர். உடல் ஒரு லிட்டர்ப் பிராணவாயுவைப் பயன்படுத்தினால் ஏறத்தாழ 5 கலோரி செலவாயிற்று என்று கொள்ளலாம். கடிகாரத்தின் ஊகத்தைச் சோதிப்பதற்கு உரைகல் இதுவே.

அத்தகைய சோதனை ஒன்றை ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக் கழகத்து ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்டனர். ஆணும் பெண்ணுமாக 60 பேர். ஏழு வகைக் கைக்கருவிகள். உட்கார்ந்திருத்தல், நடத்தல், ஓடுதல், சைக்கிள் மிதித்தல் ஆகிய பணிகள். நாடித்துடிப்பைப் பொறுத்தமட்டில் ஏழில் ஆறு கருவிகள் 5 சதவிகிதத்துக்குள்ளான பிழையோடு நன்றாகவே கணித்தன. சைக்கிள் மிதிக்கையில்தான் நாடிக்கணக்கு மிகவும் செம்மையாக இருந்தது. ஆனால் கலோரிக் கணக்கில், மிகச் சிறந்த கருவிகூடச் சராசரியாக 27 சதவிகிதம் தவறிற்று. மிக மோசமானது 93 சதவிகிதம் தவறிற்று. அவற்றுள் சில கருவிகள் இப்பொழுது கடைகளில் இல்லை, புதியவை வந்துவிட்டன. எனினும் இத்துறையில் வெளிவந்த 158 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி 2020-இல் வெளியான மதிப்புரை ஒன்றும், கலோரிக் கணக்கில் எந்த உற்பத்தியாளரின் கருவியும் செம்மையானதன்று என்றே முடிவு கூறிற்று. நாடியைச் சரியாக எண்ணியும் கலோரியில் இடறுவதிலிருந்து, குறை கண்ணில் அன்று, கணக்கில்தான் இருக்கிறது என்பது புலப்படுகிறது.

சைக்கிளுக்கென்றே உரிய இடர்ப்பாடு ஒன்று உண்டு. நடப்பவரின் கை வீசுகிறது. ஓடுபவரின் கை மேலும் வேகமாக வீசுகிறது. சைக்கிள் மிதிப்பவரின் கையோ ஹேண்டில்பாரைப் பற்றியபடி அசையாதிருக்கிறது. உழைப்பு முழுவதும் இடுப்புக்குக் கீழே நடைபெறுகிறது. அசைவை உணரும் உறுப்பு, சாலைக் குழிகளின் அதிர்ச்சியைத் தவிர வேறொன்றையும் அறியாது. (வீட்டில் தேங்காய் துருவும் அம்மையாருக்கு ஐம்பது அடி நடந்ததாகக் கணக்குக் காட்டும் அதே கடிகாரம், போசரி வரை மிதித்துவந்த கணவரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தவராகக் கருதுவதும் உண்டு.) ஆகவே, சைக்கிளில் நாடி ஒன்றையோ, வேகம் ஒன்றையோ நம்பித்தான் கருவி கணக்கிட வேண்டியிருக்கிறது.

வேகத்தைக் கொண்டு கணிப்பதற்கு உலகெங்கும் வழங்கும் அட்டவணை ஒன்று இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் 1993-இல் முதலில் வெளியிட்டு, பின்னர்ப் பலமுறை திருத்தியது. சும்மா உட்கார்ந்திருப்பவரின் செலவை ஒரு பங்கு எனக் கொண்டால், ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை பங்கு ஆகும் என்பதை அது கூறும். ஒரு பங்கு என்பது ஏறத்தாழ, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு கலோரி. அவ்வட்டவணையின் 2011-ஆம் ஆண்டுப் பதிப்பில், மணிக்கு 16 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகத்தில் சைக்கிள் விடுவதற்கு 4 பங்கு. அதைத் தாண்டி 19 கிலோமீட்டர் வரையில் 6.8 பங்கு, அதற்கும் மேலே 22 கிலோமீட்டர் வரையில் 8 பங்கு. இதனை அப்படியே கையாண்டால் என்ன ஆகும்? 65 கிலோ எடையுள்ளவர் 16-க்குச் சற்றுக் குறைவாகப் பத்துக் கிலோமீட்டர் சென்றால் ஏறத்தாழ 163 கலோரி. அதே தூரத்தை 16-க்குச் சற்று அதிகமாகச் சென்றால் ஏறத்தாழ 273 கலோரி! ஓர் இம்மி வேகத்துக்காக 110 கலோரி கூடிவிடுகிறது. அட்டவணையை ஆக்கியவர்கள் அதனைப் பெருந்தொகை மக்களை ஆராயும் ஆய்வுகளுக்காக ஆக்கினார்களேயன்றி, தனி ஒருவரின் காலைப்பொழுதை அளப்பதற்காக அன்று.

சரி, கடிகாரத்தை ஒதுக்கிவிட்டுப் பெடலிலிருந்து கணக்கைத் தொடங்குவோம். சைக்கிள் ஓடும்பொழுது நாம் வெல்ல வேண்டிய தடைகள் சிலவே: டயர் தரையில் உருளும் தடை, காற்றின் தடை, மேடு, மீண்டும் மீண்டும் நின்று புறப்படுதல். ஆள் 65 கிலோ, சாதாரணச் சைக்கிள் 18 கிலோ எனக் கொள்வோம். நிமிர்ந்து அமர்ந்து, காற்றில்லாத சமதரையில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல ஏறத்தாழ 52 வாட் போதும். ஒரு சிறு குண்டு பல்பின் அளவு. 20 கிலோமீட்டருக்கு 95 வாட் அளவு வேண்டும். 25 கிலோமீட்டருக்கு 160 வாட்டை நெருங்கும். வேகம் சிறிது ஏறினாலும் காற்றின் தடை வெகுவாக ஏறுவதே இதற்குக் காரணம். மழைக்காலத்தில் மேலைக்காற்று வீசும் நாளில், சிவாஜிநகரிலிருந்து கசார்வாடிக்குத் திரும்புவோர் இதை நன்கு அறிவர். 10 கிலோமீட்டர் வேகமுள்ள எதிர்க்காற்றில் 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதற்கு, அமைதியான காற்றில் 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் உழைப்பு முழுவதும் வேண்டும். வேகத்தை மட்டும் பார்க்கும் கருவிக்கு இந்த எதிர்க்காற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது.

மேம்பாலம் ஏறுவதைப் பெரும் பயிற்சியாக எண்ணுவோர் உளர். நாசிக் பாட்டாவில் இரண்டடுக்காக எழுந்து நிற்கும் மேம்பாலத்தை நோக்கும்பொழுது அவ்வெண்ணம் தோன்றுவது இயல்பே. எட்டு மீட்டர் உயரம் ஏறுகிறோம் என்று வைத்துக்கொண்டால், 83 கிலோ பாரத்தை அவ்வுயரத்துக்குத் தூக்க ஆகும் வேலை ஆறரைக் கிலோஜூல். உடல் செலவிடுவது ஆறு ஏழு கலோரி. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையின் பாதி. மூச்சு வாங்குவதைக் கொண்டு கலோரியை மதிப்பிடக்கூடாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. சிக்னல்களில் நின்று புறப்படுவதும் இவ்வாறே. 15 கிலோமீட்டர் வேகத்தை எட்ட ஒவ்வொரு முறையும் முக்கால் கிலோஜூலுக்குச் சற்றுக் குறைவாகவே வேண்டும். பிரேக் பிடித்ததும் அது வீணாகிறது. இருபது முறை நின்றாலும் 14 கிலோஜூல்தான்.

இனி அன்பர் இருவர் வினாவுக்கு வருவோம். 52 வாட் வீதம் 40 நிமிஷத்துக்கு 125 கிலோஜூல். நின்று புறப்பட்டதற்காக ஒரு 14. மொத்தம் 140 என்க. இது பெடலில் விழுந்த வேலை. இவ்வேலையைச் செய்ய உடல் எவ்வளவு செலவிட்டது? சைக்கிள் மிதிக்கும் மனித உடல், தான் செலவிடும் சக்தியில் நூற்றுக்கு இருபது முதல் இருபத்தைந்து பங்கு வரையில்தான் பெடலுக்குத் தருகிறது. மற்றவை வெப்பமாகவும் வியர்வையாகவும் போகின்றன. ஒரு கலோரி என்பது 4.18 கிலோஜூல். ஆகவே, ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு பயனாவதும், ஒரு கலோரியில் நாலு கிலோஜூலுக்குச் சற்று மிகுதியாக இருப்பதும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. பெடலில் எத்தனை கிலோஜூலோ, உடலில் ஏறத்தாழ அத்தனை கலோரி! மிதமாக மிதிப்போருக்கு அதைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடலாம். இயற்கை நமக்குச் செய்துவைத்த இவ்வசதியால், அவர்கள் இருவரும் செலவிட்டது தலைக்கு 140 முதல் 170 கலோரி வரை என்று கூறலாம். காற்று எதிர்த்திருந்தால் இன்னும் கூடும். 190 என்றவர் கடிகாரம் சற்றே தாராளம். 310 என்றது ஏறத்தாழ இரு மடங்கு.

இக்கணக்கு முறை கசார்வாடி வாசிகளுக்குப் புதியதன்று. நம் ஊரிலேயே ஃபோர்ப்ஸ் மார்ஷல் நிறுவனம் நீராவிக்கும் கொதிகலன்களுக்கும் உரிய அளவு கருவிகளைச் செய்கிறது. ஆலைகளில் கொதிகலன் அறையில் பணியாற்றிய அன்பர்களும் நம் சங்கத்தில் உண்டு. கொதிகலன் எரிக்கும் எரிபொருளை நேராக நிறுத்து அறியலாம். அல்லது, வெளிவரும் நீராவியை அளந்து, கொதிகலனின் திறனைக் கொண்டு பின்னோக்கிக் கணக்கிடலாம். புகைபோக்கியின் சுவரைத் தொட்டுப்பார்த்து, “இவ்வளவு சுடுகிறதே, இத்தனை டன் எரிந்திருக்கும்” என்று கூறுபவரை எந்தப் பொறியாளரும் நம்பமாட்டார். முகமூடி முதல் வழி. பெடல் இரண்டாம் வழி. மணிக்கட்டு மூன்றாம் வழியைச் சேர்ந்தது.

மூன்றாம் வழியில் மற்றுமொரு குறை இருக்கிறது. அது நம்மவர் உடலைப் பற்றியது. சூத்திரங்கள் சராசரியிலிருந்து பிறக்கின்றன. யாருடைய சராசரி? இவ்வினாவை நம் நாட்டில் எழுப்பியோருள் முன்னோடியாக நின்றவர் சென்னைப் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் பணியாற்றிய எலினார் மேசன் அம்மையார். தென்னிந்தியப் பெண்கள் உணவின்றி ஓய்வாகப் படுத்திருக்கும் நிலையில் உடல் செலவிடும் சக்தியை அவர் அளந்தார். 1931-இல் வெளிவந்த அவ்வாய்வில் அவருடன் பெயர் பொறித்தவர் வேறு யாருமல்லர். சைக்கிளை ஆராய்ந்த அதே பெனடிக்ட்தான். அமெரிக்கப் பெண்களைக் கொண்டு வகுத்த அளவுகோலைவிடச் சென்னைப் பெண்களின் செலவு குறிப்பிடத்தக்க அளவு குறைவு என்று அவர்கள் கண்டனர். இது குருதியின் வேறுபாடா, தட்பவெப்பத்தின் விளைவா, உணவின் விளைவா என்று பின்னர் நெடுங்காலம் வாதம் நிகழ்ந்தது. பெங்களூர்ப் புனித ஜான் மருத்துவக் கல்லூரியில் பிரகாஷ் ஷெட்டியும் மேரியோ சோரெஸும் அவர்தம் கூட்டாளிகளும் செய்த ஆய்வுகள், உடலின் பருமனும் தசையின் அளவுமே இதில் பெரும்பங்கு வகிக்கின்றன என்ற பக்கம் சாய்ந்தன. ஒரே எடையுள்ள இருவருள் தசை குறைந்தவர் ஓய்வில் குறைவாகவே செலவிடுகிறார். வயிற்றில் மட்டும் எடை கூடிய நம் நடுத்தர வயதினருக்கு இது பொருந்தும்.

உலகநாடுகளின் அமைப்புகள் 1985-இல் ஏற்றுக்கொண்ட ஓய்வுநிலைச் சூத்திரங்களைப் பாருங்கள். அவற்றுக்கு அடிப்படையான 7,000-க்கு மேற்பட்ட அளவுகளில் ஏறத்தாழப் பாதி இத்தாலியர்களுடையவை! வெப்ப நாட்டாருக்கு அவை மிகையாக ஊகிக்கின்றன என்று பலரும் எடுத்துக்காட்டினர். ஜெயா ஹென்றி என்ற ஊட்டச்சத்து அறிஞர், அவ்வித்தாலியர் கணக்கை நீக்கி, வெப்ப நாட்டார் பலரைச் சேர்த்து, 10,000-க்கு மேற்பட்ட அளவுகளைக் கொண்டு 2005-இல் புதிய சமன்பாடுகளை வெளியிட்டார். நம் கையிலுள்ள கடிகாரத்துக்குள் இவற்றுள் எது குடியிருக்கிறது என்பது கடிகாரம் செய்தவருக்கே வெளிச்சம். சேலத்தில் பிறந்த சி. கோபாலன் போன்றோர் நம் உணவுப்பொருள்களை ஒவ்வொன்றாகப் பகுத்துக் கணக்கெடுத்தனர்; குன்னூரில் தொடங்கி 1958-இல் ஹைதராபாத்துக்கு மாறிய ஆய்வுக்கூடம் அப்பணியை வளர்த்தது. இட்டலியின் கலோரி நமக்குத் தெரியும். இட்டலியை உண்பவரின் செலவுதான் இன்னும் பிறர் கணக்கில் இருக்கிறது.

நாடித்துடிப்புக்கும் செலவுக்கும் உள்ள உறவும் நாம் நினைக்குமளவு உறுதியானதன்று. ஏப்ரல், மே மாதங்களில் புனேயின் வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்களில், உடலைக் குளிர்விக்கத் தோலுக்கு இரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால் இதயம் விரைந்து துடிக்கிறது. உழைப்பு அதுவே, துடிப்பு மட்டும் கூடுகிறது, கடிகாரம் கலோரியைக் கூட்டிவிடுகிறது. தண்ணீர் குடிக்காமல் நெடுந்தூரம் சென்றாலும் இவ்வாறே. பழைய மும்பை நெடுஞ்சாலையில் பஸ் ஒன்று உரசினாற்போலக் கடந்து போகும்பொழுது எகிறும் துடிப்புக்கும் கலோரி எழுதப்படும் என்பதை நினைத்தால் நகைக்கத் தோன்றுகிறது. இதற்கு மாறாக, இரத்த அழுத்தத்துக்காக அட்டெனலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரைகளை உண்பவரின் நாடி, எவ்வளவு உழைத்தாலும் அடங்கியே நிற்கும். அவருக்குக் கடிகாரம் குறைவாகக் காட்டும். இத்தகைய பெரியவர்கள் எண் ஏறவில்லையே என்று மேன்மேலும் விரைந்து மிதிப்பது அபாயம். மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே செல்ல முடிகிறதா என்பதைக் கவனிப்பதே அவர்களுக்குத் தக்க அளவுகோல்.

உணவுக்கு வருவோம். கடிகாரம் காட்டும் மொத்தக் கலோரியில், சும்மா இருந்திருந்தாலும் செலவாகியிருக்கக்கூடிய பங்கும் சேர்ந்திருக்கலாம். 65 கிலோ எடையுள்ளவருக்கு 40 நிமிஷத்தில் அது 43 கலோரி அளவு ஆகிறது. சில கருவிகள் இதனை நீக்கி, உழைப்பினால் மட்டும் ஆன செலவைத் தனியே காட்டும். எது எது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நம் அன்பர்கள் மிதித்ததனால் கூடுதலாக ஆன செலவு 100 முதல் 130 கலோரிதான். ஒரு வடாபாவ் ஏறத்தாழ 250 முதல் 300 கலோரி. 310 என்பதை நம்பி, மாதத்தில் இருபத்தைந்து நாள் இவ்வாறு உண்டால், 150 கலோரி வீதம் மாதம் 3,750 கலோரி மிகையாகச் சேரும். ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி என்பது வழக்கமான கணக்கு. ஆக, மாதம் அரைக் கிலோ. உடல் தன்னளவில் சிறிது ஈடுசெய்துகொள்ளும் என்றாலும், ஆறு மாதம் தவறாது சைக்கிள் மிதித்து எடை கூடியிருப்பதைக் கண்டு சோர்ந்து, சைக்கிளையே மூலையில் சாத்தியவர்கள் இருக்கின்றனர். பயிற்சி அவர்களை ஏமாற்றவில்லை. தட்டில் விழுந்த எண்தான் ஏமாற்றியது.

இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் சிலவகை மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர்கள் இன்னும் கவனமாயிருக்க வேண்டும். கடிகாரத்தின் கலோரியைப் பார்த்து மருந்தின் அளவையோ, காலை உணவையோ தாமே மாற்றிக்கொள்ளுதல் ஆகாது. வழியில் சர்க்கரை தாழ்ந்து தலை சுற்றினால், நெரிசல் மிக்க அச்சாலையில் விளைவு என்னவாகும் என்று விளக்க வேண்டியதில்லை. சட்டைப்பையில் கொஞ்சம் சர்க்கரையோ குளுக்கோஸோ வைத்துக்கொள்வதும், புறப்படுமுன் விரலில் குத்திப் பார்ப்பதும், மருத்துவரைக் கேட்டு உணவை வகுப்பதும் நலம்.

செம்மையான எண் ஒன்று வேண்டும் என்று விரும்புவோருக்கு வழி இல்லாமலில்லை. ஜெர்மனியில் உல்ரிக் ஷோபெரர் என்ற பொறியாளர் 1986-இல், பெடலைத் தாங்கும் சக்கரப் பகுதியில் உலோகத்தின் நுண்ணிய வளைவை அளந்து வாட் கணக்கைக் காட்டும் பவர் மீட்டரைத் தோற்றுவித்தார். பந்தய வீரர்களுக்கு அது இன்று இன்றியமையாதது. விலையோ பல ஆயிரம் ரூபாய். வாரம் ஒரு முறை சிவாஜிநகர் போய்வருவோருக்கு அது தேவை என்று நாம் கருதவில்லை. உடற்பயிற்சிக் கூடங்களிலுள்ள நிலைச்சைக்கிள்களில் சில வாட்டைக் காட்டுகின்றன. ஒரு நாள் அதில் அரை மணி நேரம் 60 வாட்டில் மிதித்து, அதே வேளையில் கைக்கடிகாரத்தையும் ஓடவிட்டுப் பாருங்கள். 108 கிலோஜூல் வேலை. எனவே மெய்யான செலவு 105 முதல் 130 கலோரிக்குள் இருக்க வேண்டும். கடிகாரம் 200 என்றால், உங்கள் கடிகாரத்தின் குணம் தெரிந்துவிடும். அச்சைக்கிளின் திரையே காட்டும் கலோரியையும் இவ்வாறே சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதுவும் சில வேளை தாராள மனம் படைத்ததாக இருக்கும்.

கடிகாரத்தைக் கழற்றி எறிய வேண்டும் என்று சொல்ல வரவில்லை. நாடியை அது நன்றாகவே எண்ணுகிறது என்று பார்த்தோம். ஒரே கடிகாரம், ஒரே வழி, ஒரே வேளை, காற்றில்லாத விடியல் என்று வைத்துக்கொண்டு, கசார்வாடி முதல் தாபோடி வரையில் அதே நேரத்தில் சென்று, சராசரி நாடி எவ்வளவு என்று மாதம் ஒரு முறை குறித்து வாருங்கள். சில மாதங்களில் 130 ஆக இருந்தது 120-க்கு இறங்கியிருக்கக்கூடும். இதயம் வலுப்பெற்று, ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தத்தைச் செலுத்துகிறது என்பதே அதன் பொருள். அந்த நாளில் கடிகாரத்தின் கலோரிப் பகுதியையும் ஒரு முறை நோக்குங்கள். நாடியை மட்டும் கொண்டு கணிக்கும் கருவியானால், பெடலில் விழுந்த வேலை அணுவளவும் குறையாதிருக்க, முன்னைவிடக் குறைந்த கலோரியை அது எழுதிவைத்திருக்கும்.